இரண்டு பவர் சப்ளை, ஒரே பூஜ்ஜியம்

இது கொஞ்சம் நீளமான இழை.

1.
இன்னைக்கு டெங்கு, சுகர், தடுப்பூசி எதுவும் இல்லை. என் வீட்டு மேசை மேல இருக்கிற ஒரு மரப்பெட்டியைப் பத்தி எழுதப்போறேன். மூணு வாரமா அது என்னைத் தூங்கவிடலை. நடுவில் ஒரு ராத்திரி, எந்த டாக்டரும் செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்ய கையில் கட்டிங் பிளேயரோட உட்கார்ந்திருந்தேன். அதனாலதான் எழுதறேன். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2.
அந்தப் பெட்டிக்குப் பேர் மாடுலர் சிந்தசைசர். சாதாரண கீபோர்டில் எல்லாமே உள்ளேயே இணைச்சு வச்சிருப்பாங்க. பட்டனை அமுக்கினா பியானோ, இன்னொண்ணை அமுக்கினா புல்லாங்குழல். மாடுலரில் அப்படி இல்லை. சத்தத்தை உண்டாக்கறது ஒரு மாட்யூல், அதை வடிகட்டறது ஒரு மாட்யூல், கூட்டிக் குறைக்கறது இன்னொண்ணு. எதை எதோட இணைக்கணும்னு நீங்கதான் கேபிள் செருகி முடிவு பண்ணணும். அந்தக் கேபிளுக்குப் பேர் பேட்ச் கேபிள்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964ல் இப்படி ஒரு கருவியை உருவாக்கினார். அப்போ அது பீரோ சைஸ். 1990களின் நடுவில் ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் ‘ஏ-100’ன்னு சின்ன சைஸில் ஒரு வரிசை கொண்டுவந்தார். மாட்யூலோட உயரம் 128.5 மில்லிமீட்டர். மத்த கம்பெனிகளும் அதே அளவைப் பின்பற்ற, அது ‘யூரோராக்’ன்னு ஒரு பொது அளவாவே ஆகிடுச்சு. என் பெட்டி அந்த வகை. மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை.

3.
இதோட சாப்பாடு என்னன்னு பார்த்தா பிளஸ் 12 வோல்ட், மைனஸ் 12 வோல்ட், இரண்டுக்கும் நடுவில் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பேர் கிரவுண்ட். ஒவ்வொரு மாட்யூலுக்கும் பின்னாடி ஒரு ரிப்பன் கேபிள் போகும். 10 பின் கனெக்டரா இருந்தா அதில் பிளஸ்ஸுக்கு 2, மைனஸுக்கு 2, மீதி 6 பின்னும் கிரவுண்டுக்குத்தான். பத்தில் ஆறு! இது முதல் நாளே என் கண்ணில் பட்டது. ஆனா மண்டையில் ஏறலை.

இன்னொரு விஷயம். இந்தக் கருவியில் சுருதிங்கறதும் ஒரு வோல்ட்டேஜ்தான். 1 வோல்ட் கூடினா சுருதி ஒரு ஸ்தாயி மேல போகும். ஒரு ஸ்தாயிக்குள்ள 12 ஸ்வர ஸ்தானம். அப்போ ஒரு ஸ்வர ஸ்தானத்துக்கு சுமார் 83 மில்லிவோல்ட். அதை நூறா பிரிச்சா வர்ற ஒரு பங்குதான் ‘சென்ட்’. அது 1 மில்லிவோல்ட்கூட இல்லை, 0.83தான். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

4.
நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்தா எனக்கு உடனே தூக்கம் வராது. வார்டு மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கும். அப்போ ஒரு மணி நேரம் இந்தப் பெட்டி முன்னாடி உட்காருவேன். கச்சேரி எல்லாம் இல்லீங்க. ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சு அது மெதுவா மாறறதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் தூங்கிடுவேன்.

மாட்யூல் ஒவ்வொண்ணா சேர்ந்துக்கிட்டே போச்சு. என் பவர் சப்ளை போர்டு பிளஸ் பக்கம் 1000 மில்லிஆம்பியர் தரும். ஒரு நாள் கூட்டிப் பார்த்தா 940 ஏத்தியிருக்கேன். முழு அளவுக்கு ஏத்தக்கூடாது, 25, 30 சதவீதமாவது மிச்சம் வைக்கணும். சுவிட்ச் போடற நொடியில் எல்லா மாட்யூலோட கெப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் நிரம்பப் பார்க்கும். அந்த ஒரு நொடி இழுவை, ஓடும்போது இருக்கறதைவிடப் பல மடங்கு. அதனால கீழ் வரிசைக்குன்னு தனியா இரண்டாவது பவர் சப்ளை போர்டு வாங்கினேன். இரண்டு போர்டுக்கும் கரண்ட் ஒரே 15 வோல்ட் அடாப்டரிலிருந்து. இரண்டாப் பிரியற ஒரு ஒயர் போட்டு இணைச்சாச்சு. பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சேன்.

5.
அன்னைக்கு ராத்திரியிலிருந்து நோய் ஆரம்பம்.

அறிகுறிகளைச் சொல்றேன், நீங்களே டயக்னோஸ் பண்ணிப் பாருங்க.

ஒண்ணு: சுருதி சேரலை. மேல் வரிசையில் இருக்கற மாட்யூல் ‘இந்த ஸ்வரம் வாசி’ன்னு வோல்ட்டேஜ் அனுப்பும். கீழ் வரிசையில் இருக்கற ஆசிலேட்டர் வாசிக்கும். அது எப்பவும் கொஞ்சம் தாழ்ந்தே வந்தது.

இரண்டு: கீழ் வரிசையில் திரையும் விளக்கும் இருக்கற ஒரு மாட்யூல் உண்டு. அது பளிச்னு எரியும்போதெல்லாம் சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கும். அணைஞ்சா ஏறும்.

மூணு: சம்பந்தமே இல்லாத இடத்தில் மேலேயிருந்து கீழே ஒரு கேபிள் செருகினா, சுருதி கொஞ்சம் சரியாகும். உருவினா மறுபடி கெடும்.

நாலு: மிக்ஸரில் இணைச்சா ‘ம்ம்ம்ம்’னு ஒரு இரைச்சல்.

6.
முதல்ல நான் சந்தேகப்பட்டது ஆசிலேட்டரை. அனலாக் ஆசிலேட்டர் சூடாக அரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் சுருதி நகரும். காத்திருந்தேன். சரியாகலை. ட்யூனிங் திருகை வச்சு ஏத்தி விட்டேன். அன்னைக்கு சரியான மாதிரி இருந்தது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் குடுத்து அனுப்பின மாதிரி. மறுநாள் வேற பேட்ச் போட்டா மறுபடி அபஸ்வரம். அப்புறம் பின்னாடி இருக்கற சின்ன பிரிசெட்டைத் திருகி காலிபரேஷனையே மாத்திட்டேன். நல்லா இருந்த ஆசிலேட்டரையும் கெடுத்தது அப்போதான்.

அடுத்து புது போர்டு மேல சந்தேகம். புதுசா வந்தவன்மேல பழி போடறது நம்ம சுபாவம்தானே? மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். பிளஸ் 12.01. மைனஸ் 11.99. பழைய போர்டையும் அளந்தேன். பிளஸ் 12.02. மைனஸ் 11.98. மாட்யூல் எல்லாம் ஓடும்போதே இந்த எண்கள். இதைவிட நல்ல ரிசல்ட் கிடைக்காது.

எல்லா டெஸ்ட்டும் நார்மல். பேஷண்ட் மட்டும் சரியில்லை. இந்த நிலைமையில் ஒரு டாக்டருக்கு வர்ற எரிச்சல் இருக்கே, அது உங்களுக்குத் தெரியாது. ‘உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனசுதான் காரணம்’னு சொல்லி அனுப்பத் தோணும். அப்படிச் சொல்லி அனுப்பின சில பேரை நினைச்சா இப்பவும் உறுத்தும்.

7.
இப்போ அந்தக் கட்டிங் பிளேயர் கதை.

மேடை சவுண்ட் வேலை செய்யற நண்பர் ஒருத்தருக்கு போன் பண்ணி இரைச்சலைச் சொன்னேன். “டாக்டரே, இதுக்குப் போயா ரெண்டு வாரமா மண்டையை உடைச்சுக்கறீங்க? அடாப்டர் பிளக்கில் பெரிய பின் ஒண்ணு இருக்கும் பாருங்க, எர்த் பின். அதை உடைச்சு விட்டுடுங்க. ஹம் போயிடும். நாங்க எல்லாம் அப்படித்தான் ஓட்டறோம்”னார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. எர்த் பின்னை எடுத்தா இரைச்சல் பெரும்பாலும் போயிடும். ராத்திரி மணி ஒண்ணு. பிளேயரை எடுத்துட்டேன்.

அப்போ அந்தப் பெட்டியைப் பார்த்தேன். மாட்யூலோட முகப்பு எல்லாம் அலுமினியம். சாயங்காலம் ஆனா என் பொண்ணு அதுக்கு முன்னாடிதான் நிப்பா. அவளுக்கு ஆறு வயசு. சாப்பிட்ட கையைக் கழுவிட்டு ஈரத்தோட வந்து குமிழைத் திருகுவா. அந்தப் பெட்டிக்கு அவ வச்ச பேர் ‘பேய் ரேடியோ’.

8.
எர்த் பின் எதுக்குன்னா, அடாப்டருக்குள்ள இன்சுலேஷன் உடைஞ்சு 230 வோல்ட் வெளியே கசிஞ்சா, அது மண்ணுக்குப் போறதுக்கான வழி. அந்த வழியை அடைச்சுட்டா கரண்ட் வேற வழி தேடும். பெட்டியைத் தொடற கைதான் அந்த வழி. நல்லா ஓடற வரைக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. பத்து வருஷம் தெரியாமலே இருக்கலாம். பதினோராவது வருஷம் ஒரே நொடியில் தெரியும்.

எமர்ஜென்சியில் வேலை பார்க்கறதால ஷாக் அடிச்சு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டேபிள் ஃபேன், மேடை மைக்னு ஒவ்வொண்ணும் ஒரு கதை. சில பேரை உயிரோட கொண்டு வருவாங்க, சில பேரை அப்படி இல்லை. வீட்டில் எம்சிபி இருக்கேன்னு நினைக்காதீங்க. அது ஒயரைக் காப்பாத்தறதுக்கு, பல ஆம்பியர் போனாத்தான் விழும். மனுஷ இதயத்தைத் தடுமாற வைக்க சில பத்து மில்லிஆம்பியர் போதும். உயிரைக் காப்பாத்த உதவறது 30 மில்லிஆம்பியரில் விழற ஆர்சிசிபி. அது இருந்தாலும் எர்த் வேணும். இது இல்லாத வீடுகள் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிடுங்க, ப்ளீஸ்.

பிளேயரை டிராயரில் போட்டுட்டுப் படுத்துட்டேன். தூக்கம் வரலை. எர்த்தை உடைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சுது. நோய் என்னன்னு இன்னும் தெரியலை.

9.
நாலு நாள் கழிச்சு நைட் டியூட்டி. வார்டில் சிவிபி ஸ்டாண்டு ஒண்ணு மூலையில் நின்னுட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு பழைய ராத்திரி ஞாபகம் வந்தது.

அப்போ நான் சிஆர்ஆர்ஐ, அதாவது எம்பிபிஎஸ் முடிக்கற வருஷத்துப் பயிற்சி டாக்டர். கடுமையான வயித்துப்போக்கால உடம்பில் தண்ணியே இல்லாம ஒரு அம்மா வந்திருந்தாங்க. கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டு, இதயத்துக்குத் திரும்பற ரத்தத்தோட அழுத்தத்தைப் பார்ப்போம். அதுதான் சிவிபி. ஒரு ஸ்டாண்டில் ஸ்கேல் கட்டி, கண்ணாடி மாதிரி குழாயில் சலைன் எத்தனை சென்டிமீட்டர் நிக்குதுன்னு பார்க்கறது. ஸ்கேலோட பூஜ்ஜியம் பேஷண்டோட இதய மட்டத்தில் இருக்கணும். நாலாவது விலா இடைவெளியும் அக்குளோட நடுக்கோடும் சந்திக்கிற இடம்னு மனப்பாடமாப் படிச்சிருப்போம்.

ராத்திரி எட்டு மணிக்கு 4. பன்னிரண்டு மணிக்கு 14. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணி ஜாஸ்தியாகி நுரையீரலில் கோத்துக்கும்னு பயந்து, சலைனைக் குறைக்கச் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதிட்டேன்.

சீனியர் சிஸ்டர் ஒருத்தர் படிச்சுட்டு வந்தாங்க. “டாக்டர், யூரின் குறைஞ்சுக்கிட்டே வருது. நாக்கு காய்ஞ்சு கிடக்கு. நீங்க தண்ணியைக் குறைக்கச் சொல்றீங்க.”

“சிவிபி 14 இருக்கே சிஸ்டர்.”

“டிரெஸ்ஸிங் பண்றதுக்குக் கட்டிலை உசத்தினாங்க. இறக்கவே இல்லை. ஸ்டாண்டு நின்ன எடத்துலயே நிக்குது. ஜீரோவைப் பார்த்தீங்களா?”

கட்டில் பத்து சென்டிமீட்டர் ஏறியிருக்கு. பூஜ்ஜியம் கீழயே நின்னுடுச்சு. ஸ்கேலை ஏத்தி வச்சுப் பார்த்தா அதே 4. எழுதினதை அடிச்சுட்டு சலைனைத் திரும்ப ஓட்டினோம். அந்த அம்மா நாலாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாங்க. போகும்போது எனக்குத்தான் கும்பிடு போட்டாங்க. சிஸ்டர் பக்கத்தில் நின்னு சிரிச்சுட்டு இருந்தாங்க.

இப்பல்லாம் சிவிபி எண்ணை மட்டும் வச்சு முடிவு எடுக்கறதில்லை. ஆனா அந்தக் கேள்வியை நான் மறக்கலை. மறக்கலைன்னு நினைச்சுட்டு இருந்தேன்னு சொல்றதுதான் சரி.

10.
என் தப்பு அந்த ஸ்டாண்டைப் பார்த்த அப்புறம்தான் புரிஞ்சது.

மல்டிமீட்டருக்கு இரண்டு முனை. கறுப்பு முனை வச்ச இடம்தான் பூஜ்ஜியம், சிவப்பு முனை அதிலிருந்து எவ்வளவு தூரம்னு சொல்லும். மேல் போர்டை அளக்கும்போது கறுப்பை மேல் போர்டோட கிரவுண்டில் வச்சேன். கீழ் போர்டை அளக்கும்போது கீழ் கிரவுண்டில் வச்சேன். இரண்டு பேரும் அவங்கவங்க பூஜ்ஜியத்திலிருந்து சரியா 12 வோல்ட். ஆனா இரண்டு பூஜ்ஜியமும் ஒண்ணுதானான்னு நான் கேட்கவே இல்லை.

காலையில் வீட்டுக்கு வந்து, குளிக்கக்கூட இல்லை, பெட்டியைத் திறந்தேன். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் போட்டேன். கறுப்பு முனை மேல் கிரவுண்டில், சிவப்பு முனை கீழ் கிரவுண்டில். ஒண்ணுமே காட்டக்கூடாது.

30 மில்லிவோல்ட். விளக்கு மாட்யூல் எரிஞ்சா 38. அணைஞ்சா 30. மேலேயிருந்து கீழே ஒரு கேபிள் செருகினேன். 38 இருந்தது 33 ஆச்சு.

11.
இப்போ அந்தக் கணக்கைப் போடுங்க. ஒரு சென்ட் 0.83 மில்லிவோல்ட். 30 மில்லிவோல்ட்னா 36 சென்ட். 38னா கிட்டத்தட்ட 46 சென்ட், ஒரு ஸ்வர ஸ்தானத்தில் பாதிக்குப் பக்கம்! மேல் வரிசை 2 வோல்ட் அனுப்பினா, கீழ் வரிசையோட தரையே 38 மில்லிவோல்ட் உசந்து நிக்குது. அதுக்குத் தெரியறது 1.962தான். அது தாழ்த்தி வாசிச்சது நியாயம்தான்.

ஆசிலேட்டர் பொய் சொல்லலை. பவர் சப்ளை இரண்டும் பொய் சொல்லலை. கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

ட்யூனிங் திருகி நான் மறைச்சது அந்த நிலையான 36 சென்ட்டை. விளக்கோட சேர்ந்து ஆடின பத்து சென்ட் மறையலை. அதுதான் என்னைத் தூங்கவிடாதது.

12.
காரணம், அந்த இரண்டாப் பிரியற ஒயர். கீழ் போர்டுக்குப் போன மைனஸ் ஒயர் மெல்லிசு, போதாததுக்கு ஜாயிண்ட் ட்ரை சால்டர். அது வழியா கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் திரும்பி வரணும். ஒயரோட ரெசிஸ்டன்ஸ் 0.04 ஓம் இருந்தாலே போதும், ஒரு ஆம்பியருக்கு 40 மில்லிவோல்ட் அங்கேயே நின்னுடும். நேர் வழி குறுகலா இருந்ததால திரும்பற கரண்ட்டில் ஒரு பங்கு பேட்ச் கேபிளோட வெளிக்கூடு வழியா மேல் போர்டுக்குப் போய் வீடு திரும்பியிருக்கு. கேபிள் கூடக் கூட வழி அகலமாகும், சுருதி கொஞ்சம் சரியாகும். மூணாவது அறிகுறிக்கு விடை கிடைச்சுதா? பத்தில் ஆறு பின் கிரவுண்டுக்கு எதுக்குன்னும் அன்னைக்குத்தான் மண்டையில் ஏறிச்சு.

வைத்தியம்: அந்த ஒயரைத் தூக்கிப் போட்டுட்டு அடாப்டரிலிருந்து இரண்டு போர்டுக்கும் தனித்தனியா தடிமனான ஒயர். கூடவே, இரண்டு போர்டோட கிரவுண்டையும் நேரா இணைச்சு கட்டையா, தடிமனா இன்னொரு ஒயர். மறுபடி அளந்தேன். 2 மில்லிவோல்ட். விளக்கு எரிஞ்சாலும் அணைஞ்சாலும் 2. ஆசிலேட்டரைத் திரும்ப காலிபரேட் பண்ண மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. தப்பு வைத்தியத்துக்கு நான் கட்டின ஃபைன்.

அந்த ‘ம்ம்ம்’ இரைச்சல்? அது வேற நோய். அடாப்டரை ஒரு சுவரில், மிக்ஸரை எதிர் சுவரில் செருகியிருந்தேன். இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஒரு பெரிய வளையம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன், எர்த் பின்னோட. இரைச்சல் காதுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிடுச்சு. அப்படியும் போகலைன்னா ஆடியோ கேபிளில் போடற ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருக்கு. அதுவும் எர்த்தைத் தொடாது.

13.
இதே மாதிரி பெட்டி வச்சிருக்கறவங்களுக்கு, நான் இப்போ பின்பற்றற வரிசை:

முதல்ல பிளக்கை உருவுங்க. கொஞ்ச நேரம் விடுங்க, கெப்பாசிட்டரில் சார்ஜ் நிக்கும். 230 வோல்ட் நேரா உள்ள வர்ற பவர் சப்ளையா இருந்தா தெரிஞ்சவங்க துணையில்லாம திறக்காதீங்க.

கண்ணால பாருங்க, மோந்து பாருங்க. ரிப்பன் கேபிளோட சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் இருக்கணும். திருப்பிப் போட்டா, பாதுகாப்பு டயோடு இல்லாத மாட்யூல் செத்துடும்.

மாட்யூல் எல்லாத்தையும் கழட்டிட்டு போர்டை மட்டும் அளங்க. அப்புறம் ஒவ்வொரு மாட்யூலா சேர்த்துக்கிட்டே அளங்க. எதைச் சேர்த்ததும் வோல்ட்டேஜ் விழுதோ அங்க நில்லுங்க.

பிளஸ் பக்கக் கரண்ட்டையும் மைனஸ் பக்கக் கரண்ட்டையும் தனித்தனியா கூட்டுங்க.

எல்லாம் ஓடும்போது கிரவுண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் அளங்க. இதைத்தான் நான் மூணு வாரமா விட்டேன்.

இரண்டு போர்டோட கிரவுண்டை இணைக்கலாம், இணைக்கணும். பிளஸ்ஸையும் பிளஸ்ஸையும் இணைக்காதீங்க. இரண்டும் ஒரே வோல்ட்டேஜை ஆளுக்கொரு விதமா நிலைநிறுத்தப் பார்க்கும், சண்டை வரும்.

14.
பெட்டி இல்லாதவங்க, ‘இவ்வளவு நேரம் எனக்கு எதுக்கு இந்தக் கதை’ன்னு கேட்கலாம். உங்க வீட்டில் ஒரு பிபி மெஷின் இருக்கும்ல?

கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு பிபி பார்த்தா நிஜத்தைவிட அதிகமா காட்டும். பட்டை கட்டின இடம் இதய மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழ இருந்தா சுமார் 7 புள்ளி கூடும். மெஷினில் கோளாறு இல்லை, உங்க உடம்பிலயும் இல்லை. பூஜ்ஜியம் இடம் மாறிடுச்சு. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து, முதுகைச் சாய்ச்சு, கையை மேசை மேல வச்சு, பட்டையை இதய மட்டத்தில் வச்சுப் பாருங்க. அந்த எண்ணை எழுதிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. தொங்கின கையில் வந்த எண்ணுக்கு யாரும் மாத்திரை கூட்ட வேண்டாம்.

15.
நண்பருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. “எங்க செட்டில் ஏழெட்டு பிளக் அப்படி இருக்கு டாக்டரே”ன்னார். போன வாரம் எல்லாத்தையும் மாத்திட்டதா படம் அனுப்பியிருந்தார். வெட்டி எடுத்த பழைய பிளக் எல்லாம் ஒரு தட்டில், பிடுங்கின பல்லு மாதிரி.

நேத்து நைட் முடிச்சு வந்து பெட்டியை ஆன் பண்ணேன். பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்பி யூனிஃபார்மில் நின்னா. ஒரு குமிழைத் திருகிட்டு, “அப்பா, பேய் இன்னைக்கு ஒழுங்கா பாடுது”ன்னா.

அரை மணி நேரம் கேட்டேன். தூங்கிட்டேன்.